தலைகீழாய் நட்ட ஆலம்போத்துகள்

போன மாதம் நான் வேலை பார்த்த நெடுஞ்சாலை இலாகாவிலிருந்து இரண்டு இளம் இன்ஜினியர்கள் கிருஷ்ணகிரியில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்கள். ஊருக்குள் நுழையும் பெங்களூர் ரோட்டை மறுபடியும் அகலப்படுத்தப் போகிறார்களாம். அங்கே நிற்கும் ஆலமரங்களை வெட்டாமல் வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நட ஒரு இயந்திரம் வந்திருக்கிறதாம். அந்த மரங்களை வைத்தவன் நான்தான் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். "எப்படி சார் இவ்வளவு நேரா, நூல் பிடிச்ச மாதிரி வச்சீங்க?" என்று அவர்களில் ஒரு பெண் கேட்டாள். நேராக வைக்க வேண்டும் என்று எனக்கு இருந்த கிறுக்கினால்தான் என் உத்தியோகமே ஒருமுறை ஆட்டம் கண்டது என்றேன். இருவரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

மரங்கள் இடம் மாறுவதில் வருத்தம் உண்டா என்றும் கேட்டார்கள். இல்லை. அந்த ரோட்டை அகலமாக்க ஒரு வரிசைப் புளியமரங்களை வெட்டியவன் நான். எனக்கு எந்த முகத்தோடு வருத்தம் வரும்? ரோடு என்றால் மாறத்தான் செய்யும். மாற்றுகிறவர்கள் எப்படி மாற்றினார்கள் என்பதில்தான் எனக்கு அக்கறை. காபி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லையென்பதால் எழுதித் தருவதாகச் சொல்லி அனுப்பினேன். எழுதியது இது.

என் படிப்பைப் பற்றி இரண்டு வரி போதும். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மதராஸ் போய் இன்ஜினியரிங் படித்தேன். நாலு வருஷம் பாலமும் அணையும் காகிதத்தில் கட்டினேன். மரம் என்ற சொல் என் பாடப்புத்தகங்களில் ஒரே இடத்தில்தான் வந்தது, அதுவும் உத்தரத்துக்கு எத்தனை பாரம் தாங்கும் என்று கணக்குப் போடுவதற்கு.

ஐம்பதுகளின் நடுவில் புரொபேஷனில் இருக்கும் இன்ஜினியராகக் கிருஷ்ணகிரிக்கு வந்து இறங்கினேன். அப்போது அது சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா ஊர். கோட்டை மலையும், அதன் காலடியில் கடைத்தெருவும், நடுவில் புழுதி பறக்கும் ஒரே ரோடும்தான். வந்த புதிதில் என்னைத் திணறடித்தது வெயிலல்ல, பேச்சு. பஜாரில் ஒருவர் தெலுங்கில் விலை கேட்பார், கன்னடத்தில் பேரம் பேசுவார், தமிழில் போய் வருகிறேன் என்று விடைபெறுவார். என் தமிழே அவர்களுக்கு வேற்றுமொழி மாதிரி ஒலித்தது. "ஏலே" என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டு, அதற்கு அர்த்தம் சொல்லியே ஒரு மாலைப்பொழுது போனது.

ஊருக்குத் தென்மேற்கே அணை எழும்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பெரிய மனிதர்கள் கார்களில் வந்துகொண்டே இருந்தார்கள். வருகிறவர்கள் எல்லாம் ஊருக்குள் மாட்டுவண்டிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு புழுதி தின்றார்கள். அதனால் ரோட்டை இரண்டு பங்கு அகலமாக்கி, இரு பக்கமும் நிழல்மரங்கள் வைத்து, ரோடு முடிகிற இடத்தில் பாழாய்க் கிடந்த கல்லுடைத்த பள்ளத்தைப் பூங்காவாக்க உத்தரவாயிற்று. ரோடும் பூங்காவும் சேர்ந்து ஒரே வேலை. அதை நடத்தும் பொறுப்பு எனக்கு வந்தது.

எனக்கு மேலே டிவிஷனல் இன்ஜினியர் தேவசகாயம். எல்லாரும் டி.இ. என்போம். ஒல்லியான, உயரமான மனிதர். காக்கி அரைக்கால் சட்டையும் தலையில் வெயில்தொப்பியுமாக ஜீப்பிலிருந்து இறங்குவார். யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. ஒரு கேள்வி கேட்பார், பிறகு பதிலுக்காகக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்புக்கு நாலு வசவு தேவலை என்றிருக்கும். கோபம் வந்தால் மட்டும் பெயருக்கு முன்னால் மிஸ்டர் சேர்ப்பார்.

அவரிடம் வேலை பார்த்தவர்கள் ரப்பர் வைத்துக்கொள்ளக் கூடாது. மட்டம் பார்க்கும்போது அளவுகளை எழுதும் லெவல் புத்தகத்தில் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இது எல்லா இடத்திலும் உள்ள விதிதான். எல்லாரும் அதை மதித்தார்கள் என்று மட்டும் சொல்ல முடியாது. டி.இ. புத்தகத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, தாள் எங்கேயாவது தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்.

இன்னொரு விதி, சைட் ஆர்டர் புக். வேலை நடக்கும் இடத்தில் கூடாரத்துக்குள் ஒரு தகரப்பெட்டியில் அது இருக்கும். மேலதிகாரி எனக்குச் சொல்வதும், நான் கீழே சொல்வதும் தேதியோடு அதில் எழுதப்பட வேண்டும். வாயால் சொன்ன உத்தரவு உத்தரவே இல்லை என்பார் டி.இ. அந்தக் காலத்து வழக்கப்படி எல்லாம் இங்கிலீஷில் எழுதுவோம்.

அவர் வேலை செய்யும் விதத்துக்குப் பூங்காவையே சொல்லலாம். நான் பள்ளத்தை அளந்து, நடுவில் வட்டம், வட்டத்திலிருந்து எட்டுப் பாதைகள் என்று சக்கரம் மாதிரி ஒரு வரைபடம் போட்டுக் கொண்டுபோனேன். நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம், குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு மறுநாள் காலையில் சுண்ணாம்புப் பொடி ஒரு மூட்டையோடு பள்ளத்துக்கு வரச் சொன்னார். சந்தைக்கு மாடு ஓட்டிப் போனவர்களும் கூடை சுமந்து போனவர்களும் அந்தப் பள்ளத்தின் ஓரமாகக் குறுக்கே நடந்து போயிருந்தார்கள். மண்ணில் அவர்கள் தடம் பளிச்சென்று தெரிந்தது. டி.இ. குனிந்து, தடத்தின் மேலேயே சுண்ணாம்பைத் தூவிக்கொண்டு நடந்தார். இரண்டு மணி நேரத்தில் பூங்காவின் பாதைகள் தயார். என் எட்டுப் பாதைகளில் ஒன்றுகூட அதில் இல்லை. எனக்கு முகம் சுண்டிவிட்டது, ஆனாலும் உள்ளுக்குள் இந்த மனிதரிடம் வந்து சேர்ந்தது நம் அதிர்ஷ்டம் என்றுதான் தோன்றியது.

கல் பெஞ்சுகளுக்குப் பர்கூரிலிருந்து கருங்கல் பலகைகள் வந்தன. உட்காருகிற உயரத்தில் பத்துப் போட்டோம். இரண்டை மட்டும் ஓர் ஆள் நெஞ்சு உயரத்துக்கு நிறுத்தச் சொன்னார். யார் இதில் ஏறி உட்காருவார்கள் என்று கேட்டேன். "உக்கார இல்ல. கூடையை எறக்க" என்றார். தலைச்சுமையோடு வருகிறவர்கள் இன்னொருத்தர் கைகொடுக்காமல் தாங்களே இறக்கி, தாங்களே ஏற்றிக்கொள்ள அந்த உயரம். பூங்கா திறந்த அன்றைக்குப் பெரிய மனிதர் ஒருவர் அந்தக் கல்லைத் தட்டிப் பார்த்து, சிலை வைக்கவா என்று கேட்டார்.

இனி மரத்துக்கு வருகிறேன்.

ரோட்டின் மேற்குப் பக்கம் கிழட்டுப் புளியமரங்கள் ஒரு வரிசை நின்றன. அடிமரத்தில் தார் பூசி வெள்ளையில் நம்பர் எழுதிய சர்க்கார் மரங்கள். ரோடு அகலமாக வேண்டுமானால் அவை போக வேண்டும். வண்டிக்காரர்கள் கூடி வந்து டி.இ.யைப் பார்த்தார்கள். சந்தைக்குப் போகிற வழியில் மாட்டை அவிழ்த்துக் கட்ட அவர்களுக்கு இருந்த நிழல் அது ஒன்றுதான். அவர்களிடம் அவர் ஒரு வாக்குக் கொடுத்தார். புதுமரம் இலை விடாமல் பழைய மரத்தில் கோடாலி படாது. எனக்குப் பகீரென்றது. ரோடு முடிய வேண்டிய கெடு என் தலையில், இலை விடுகிற கெடு கடவுள் கையில்.

அதனால்தான் ஆலம்போத்து. ஆலமரத்துக் கிளையை ஆள் உயரத்துக்கு மேல் வெட்டி, குழியில் நட்டு, நுனியில் சாணி அப்பி விட்டால் மழைக்கு வேர்பிடித்துத் துளிர்க்கும். அப்படி நடுகிற கிளைக்குப் போத்து என்று பெயர். நாற்றைக் கடிப்பது மாதிரி இதை ஆடு மாடு கடிக்காது, கூண்டு வேண்டாம். துளிர் எட்டாத உயரத்தில்தான் வரும். பர்கூர் ரோட்டில் எங்கள் இலாகாவுக்குச் சொந்தமான பெரிய ஆலமரங்கள் இருந்தன. அங்கே வெட்டி வண்டியில் கொண்டுவர ஏற்பாடாயிற்று.

ரோட்டு வேலை ஆட்கள் முப்பது பேருக்குக் கேங் மேஸ்திரி முனியப்பா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். குந்தாரப்பள்ளிக்கு அப்பால் ஒரு விவசாயக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, மாமனார் ஊரில் கன்னடம், எங்களிடம் தமிழ். பத்து வருஷமாகத் தற்காலிக மேஸ்திரியாகவே இருந்தார். நிரந்தரமாக்க வேண்டியவர்கள் பட்டியல் அந்த வருஷம் சேலத்துக்குப் போவதாக இருந்தது. அவர் பெயரை அதில் சேர்த்து டி.இ.யின் கையெழுத்துக்கு அனுப்பியது நான்தான். அதிகம் பேசமாட்டார். ஆட்களை அவர் கூப்பிட்டு நான் கேட்டதே அபூர்வம், தலைத்துண்டை அவிழ்த்து ஒரு உதறு உதறினால் முப்பது பேரும் வந்து நிற்பார்கள்.

போத்து வெட்டப் போன முதல் நாள், வெட்டிப் போட்ட கிளைகளைப் பார்த்ததும் என் இன்ஜினியர் மனசு பொறுக்கவில்லை. ஒன்று வளைந்திருந்தது, ஒன்று பருத்திருந்தது, அடிப்பக்கத்தை எல்லாம் பேனா முள் மாதிரி சரிவாக வெட்டியிருந்தார்கள். சரிவான முனை குழியின் அடியில் எப்படி ஸ்திரமாக உட்காரும்? கம்பம் என்றால் அடி மட்டமாக இருக்க வேண்டும் என்பது எனக்குப் பாடம். கொல்லனிடம் சொல்லி ஒரு இரும்பு வளையம் செய்தேன். அதற்குள் நுழையாத கிளையையும், நுழைந்து லொடலொடவென்று ஆடிய கிளையையும் கழித்தேன். மீதி எல்லாம் சரியாக ஒன்பதடி. இரண்டு முனையையும் ரம்பத்தால் சதுரமாக அறுக்கச் சொன்னேன். பக்கத்துக் கணுக்களையும் வழவழவென்று சீவச் சொன்னேன். வெட்டி ஏற்றி வண்டியில் வந்து சேர இரண்டு நாள் ஆகும் என்பதால் பால் வடிந்து காயாமலிருக்க இரண்டு முனையிலும் சாணி அப்பச் சொன்னேன்.

முனியப்பா ரம்பத்தை வாங்கிக்கொண்டு நின்றார். "சாமி, அடிய சரிவா வெட்டுவோம், தலைய மட்டமா உடுவோம். அதான் நம்ம பக்கத்து வழக்கம். ரெண்டும் ஒண்ணாட்டம் இருந்தா, எது அடி எது தலன்னு ஆளுங்களுக்குத் தெரியாதுங்க" என்றார்.

"தடிச்சது அடி, மெலிஞ்சது தலை. இதுக்குப் போய் வழக்கம் எதுக்கு மேஸ்திரி?" என்றேன்.

அவர் என் கையிலிருந்த இரும்பு வளையத்தை ஒருமுறை பார்த்தார். அப்புறம் அறுக்கப் போய்விட்டார். தடித்த முனை, மெலிந்த முனை என்ற வித்தியாசமே இல்லாமல் நானே வளையம் போட்டுப் பொறுக்கியிருக்கிறேன் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. இந்தத் தப்பைப் பண்ண ஒரு குடியானவனால் முடியாது, நாலு வருஷம் படித்திருக்க வேண்டும். இந்த உத்தரவை நான் ஆர்டர் புக்கில் எழுதவும் இல்லை. கிளை வெட்டுவதெல்லாம் ஓர் உத்தரவா என்ற அலட்சியம்.

நூற்றுப் பன்னிரண்டு போத்துகள் வந்து இறங்கின. ஆனி மாதம், முதல் மழைக்கு முன்னால். குழிகளை நான் சங்கிலி பிடித்து அளந்து அடையாளம் வைத்திருந்தேன். நட்ட போத்துகளின் மேல்முனைகள் எல்லாம் ரோட்டின் சரிவுக்கு ஒத்து ஒரே கோட்டில் வரவேண்டும் என்று லெவல் கருவியை நிறுத்திப் பார்த்தேன். ஓர் அங்குலம் தூக்கலாக நின்றதைப் பிடுங்கிக் குழியை ஆழமாக்கினேன். பஸ்ஸில் போனவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் ரோட்டின் ஒரு கோடியில் நின்று மறுகோடி வரை பார்த்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மரம் நட்டது மாதிரியே இல்லை, தந்திக்கம்பம் நட்டது மாதிரி இருந்தது.

மழை நன்றாகவே பெய்தது. மூன்றாம் வாரம் சிலவற்றில் செம்பு நிறத்தில் துளிர் வந்தது. சிலவற்றில் வரவில்லை. ஐந்தாம் வாரத்திலும் ஏறக்குறைய பாதிக் கம்பங்கள் மொட்டையாகவே நின்றன. பட்டை சுருங்கியது. அதிசயமாகச் சிலவற்றில் உச்சியை விட்டுவிட்டு மண்ணோடு ஒட்டி அடியில் துளிர் வந்து, வளைந்து மேலே பார்த்தது. தண்ணீர் ஊற்ற வந்த சின்னக்கா என்ற பெண் குடத்தை இறக்கிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். முனியப்பா வந்து உட்கார்ந்து, நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தார். உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவினார், கீழிருந்து மேலே தடவினார். எழுந்து என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "திரும்பி நிக்குதுங்க."

வேர்விட வேண்டிய பக்கம் ஆகாயத்தில், துளிர்விட வேண்டிய பக்கம் மண்ணுக்குள். நாணயத்தைச் சுண்டிவிட்டமாதிரி நூற்றுப் பன்னிரண்டில் பாதி தலைகீழ்.

இன்னும் மூன்று வாரத்தில் சீஃப் இன்ஜினியர் மதராஸிலிருந்து பார்வையிட வருவதாக இருந்தது. என் புரொபேஷன் முடிய இரண்டு மாதம். அன்று மதியம் கூடாரத்தில் உட்கார்ந்து டி.இ.க்கு ரிப்போர்ட் எழுதினேன். போத்துகள் கேங் மேஸ்திரியின் கவனக்குறைவால் தலைகீழாக நடப்பட்டுவிட்டன என்று எழுதினேன். எழுத்து மணிமணியாக இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

அந்த வாரச் சந்தைக்குள் விஷயம் பரவிவிட்டது. தபால் கொண்டுபோனவர் சொன்னாரோ, ஆபீஸில் யாராவது சொன்னார்களோ தெரியவில்லை. குந்தாரப்பள்ளியில் முனியப்பாவைப் பார்த்தவர்கள், தலைகீழ் மேஸ்திரி வர்றார், விதையையும் மல்லாத்திப் போடுவாரா என்று கேட்டார்களாம். மாடு வாங்கப் போனவர் வாங்காமலே திரும்பிவிட்டார் என்று சின்னக்கா என்னிடம் சொன்னாள். அவள் இந்தத் தடவை சிரிக்கவில்லை. மேஸ்திரி காலையில் வந்தார், வேலையைப் பார்த்தார், போனார்.

நாலாம் நாள் டி.இ. வந்தார். ரோட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒவ்வொரு போத்தாகத் தொட்டுக்கொண்டு நடந்தார். வரும் வழியில் ஒடிந்ததால் கழித்துப்போட்ட போத்துத் துண்டுகள் கூடாரத்துக்குப் பின்னால் விறகுக்குக் கிடந்தன. அதில் ஒன்றை எடுத்து முனைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முனியப்பாவைக் கூப்பிட்டு, நடும்போது யார் நின்றது என்று கேட்டார்.

"நாந்தாங்க நின்னேன்" என்றார் முனியப்பா. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? எழுத்தில் ஒன்றும் இல்லை. அதோடு, என்னைக் காட்டிக்கொடுத்துத் தப்பிக்கிற பழக்கமும் அவருக்கு இல்லை.

அவரைப் போகச் சொல்லிவிட்டு டி.இ. ஆர்டர் புக்கைக் கேட்டார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். கிளை வெட்டின தேதியில் ஒன்றுமே இல்லை. விறகுத் துண்டை மேசைமேல் வைத்தார்.

"மிஸ்டர் சண்முகம், ரெண்டு முனையையும் சதுரமா அறுக்கச் சொன்னது யாரு?"

அவர் காத்திருந்தார். வெளியே வண்டி போகிற சத்தம் கேட்டது. இல்லை என்று சொல்லிவிடலாம், எழுத்தில் இல்லாதது நடக்கவே இல்லை என்பது அவருடைய விதிதானே என்று என் புத்தி எனக்கே வக்கீலாகி வாதாடியது. அவர் எழுந்தார். பூங்காவில் கல் பெஞ்சு நிறுத்தியதைப் பார்த்துவிட்டு வருகிறேன், இதில் எழுத வேண்டியது ஏதாவது இருந்தால் எழுதி வையுங்கள் என்று சொல்லி, தன் பென்சிலையும் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

அந்த முக்கால் மணி நேரம் என் முப்பத்து மூன்று வருஷ உத்தியோகத்தில் நீளமானது. பென்சிலைக் கையில் எடுத்து, வைத்து, எடுத்தேன். தூரத்தில் முனியப்பா மொட்டைப் போத்து ஒன்றுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். செத்ததுக்கு எதற்கு மண் அணைக்கிறார் என்று எரிச்சல் வந்தது, உடனே அழுகையும் வந்தது. அப்புறம் எழுதினேன். முனைகளைச் சதுரமாக அறுக்கவும், கணுக்களைச் சீவவும், இரு முனையிலும் சாணி அப்பவும் நான் வாய்மொழியாக உத்தரவிட்டேன். மேஸ்திரி எதிர்ப்புச் சொன்னார், நான் கேட்கவில்லை. என் முந்தைய ரிப்போர்ட் பொய். கீழே கையெழுத்தும் அன்றைய தேதியும் போட்டேன்.

டி.இ. வந்து நின்றபடியே படித்தார். பையிலிருந்து என் பழைய ரிப்போர்ட்டை எடுத்தார். கிழிக்கப் போகிறார் என்று ஒரு நப்பாசை. கிழிக்கவில்லை. கேங் மேஸ்திரி என்று நான் எழுதியிருந்த இடத்தைக் காட்டி, அடித்து மேலே சரியாக எழுதச் சொன்னார். அடித்தேன். என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆர்டர் புக் பக்கத்தின் கார்பன் நகலோடு அதைச் சேர்த்துக் குத்திப் பையில் வைத்துக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று மூச்சுவிட்டேன்.

"இங்கிலீஷ்ல எழுதியிருக்கீங்க. நான் படிச்சுட்டேன். மேஸ்திரிக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"தெரியாது சார்."

"கேங்குக்கு?"

"தெரியாது சார்."

"அந்த ஆளைச் சந்தையில வச்சுச் சிரிக்கிறாங்க. பெட்டிக்குள்ள இருக்கற இந்தப் புத்தகம் அங்க யாருக்குக் கேக்கும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஜீப்பில் ஏறிவிட்டார். அவர் காத்திராமல் போனது எனக்குத் தெரிந்து அந்த ஒருமுறைதான்.

பிறகு நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தலைகீழாக நின்றவற்றில் உயிர் இருந்த போத்துகளைப் பிடுங்கி, முனை சீவி, திருப்பி நட்டோம். செத்தவற்றுக்குப் பதில் புதிது வெட்டி வந்தோம், அடி சரிவாக, தலை மட்டமாக. சீஃப் வந்தபோது ரோட்டில் பாதி மொட்டைக் கம்பம்தான். காரணத்தை டி.இ. ஒளிக்காமல் சொன்னார். பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீயாவது தலை மேலே, கால் கீழே என்றுதானே நிற்கிறாய் என்று கேட்டார். என் புரொபேஷனை ஆறு மாதம் நீட்டினார்கள். புளியமரங்கள் இன்னொரு மழைக்காலம் நின்றன. வண்டிக்காரர்கள் என்னை எங்கே பார்த்தாலும் கும்பிட்டார்கள், நான் மரங்களைக் காப்பாற்றியதாக நினைப்பு. முனியப்பாவின் பெயர் பட்டியலில் சேலம் போய், நிரந்தரமாகித் திரும்பி வந்தது. அப்புறம் நான் எத்தனையோ ஊர்களில் ரோடு போட்டேன், பூங்கா வைத்தேன், சில இடங்களில் பாராட்டும் கிடைத்தது. குறையொன்றுமில்லை. ஆனால் என்னை இன்ஜினியர் ஆக்கியது எது என்று கேட்டால், டி.இ. ஜீப்பேறிப் போன மறுநாள் காலைதான்.

ஆஜர் எடுக்கும் நேரம். புளியமரத்தடியில் கேங் முழுக்க நின்றது. முனியப்பா ஒரு பக்கமாகத் தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் ஆஜர்ப் புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். போத்து தலைகீழாகப் போனது என் தப்பு, அடியும் தலையும் தெரியாமல் அறுக்கச் சொன்னவன் நான், மேஸ்திரி அப்போதே வேண்டாம் என்றார், நான்தான் கேட்காமல் பழியையும் அவர்மேல் போட்டேன் என்று சொல்லி முடித்தேன். ஒருவரும் அசையவில்லை.

முனியப்பா பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "அவங்களுக்குத் தமிழு அவ்வளவா வராதுங்க சாமி. தெலுங்குல ஒருக்கா சொல்லிடுங்க."

என் தெலுங்கைக் கேட்டாலே கேங்கில் சிரிப்புக் கிளம்பும். குடத்தைக் குளம் என்று சொல்கிற தெலுங்கு அது. அந்தத் தெலுங்கில், வார்த்தை வார்த்தையாகத் தேடி எடுத்து, எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். தப்பு நாதி, அதாவது தப்பு என்னுடையது, என்று சொன்னபோது சின்னக்கா தலையைக் குனிந்துகொண்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"கன்னடத்துக்காரங்க நாலு பேரு இருக்காங்க" என்றார் முனியப்பா.

கன்னடத்திலும் சொன்னேன். தெரிந்த கன்னடம் பாதியில் தீர்ந்துபோனது. மீதியை மொட்டைப் போத்தையும் என் நெஞ்சையும் மாறி மாறித் தொட்டுக் காட்டிச் சொன்னேன். கடைசி ஆள் புரிந்தது என்று தலையாட்டும் வரைக்கும் முனியப்பா கட்டின கையை எடுக்கவில்லை. அப்புறம் தலைத்துண்டை அவிழ்த்து ஓர் உதறு உதறி, இறுக்கிக் கட்டிக்கொண்டு, முதல் போத்தின் அடியில் கடப்பாரையை இறக்கினார். "வாங்க சாமி, ஒரு கை புடிங்க" என்றார்.